இறக்கை வளைந்த பக்கம்

அத்தியாயம் 14

அக்காவும் தங்கையும் பேசி ஏழு மாதம் ஆகிறது. இதைப் போன வாரமும் சொன்னேன், அதற்கு முந்தின வாரமும் சொன்னேன். அவர்கள் பேசும் வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன?

இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: பெரியவள் மெக்கானிக். முன்பக்கம் ஷெட், பின்பக்கம் வீடு, அம்மாவும் அங்கேதான். தெருமுனையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். சின்னவள் வேன் ஓட்டுகிறாள். இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றைக்குப் பெரியவள் தங்கைக்குப் பதினாலு தடவை போன் செய்தாள். கொட்டுகிற மழையில் பன்னிரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஓட்டிக்கொண்டிருந்த சின்னவள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது போனைத் தொடுவதில்லை என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, "போனை எடுக்காதவ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று பெரியவள் வெடித்தாள். சின்னவள் பதில் பேசாமல் படியிறங்கிப் போனவள்தான்.

அன்றிலிருந்து சேதியெல்லாம் அம்மா வழியாகத்தான். அம்மா முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் பெற்ற மகள்களுக்கு நடுவில் லைன் கொடுக்க வேண்டி வந்ததே என்று தினமும் அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஒரு போன் கால்கூட விட்டுப்போகாது.

நேற்று சாயங்காலம்தான் அதிசயம் நடந்தது. சின்னவளின் வேன் தானாக ஷெட் வாசலில் வந்து நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப், கீழே உள்ள சின்ன ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பேரிங் வேறு கீச்சுக் கீச்சென்று கத்தியது. மறுநாள் மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை நடத்தப் போகும் டீச்சர்களை ஏற்றிச் செல்ல வேண்டும். இந்த ஒரு வாரம் ஒழுங்காக ஓட்டினால் வருஷம் முழுக்க அந்த ஓட்டம் அவளுக்கு என்று பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. வேறு மெக்கானிக்கைத் தேட நேரமில்லை. அதனால் வந்தாள். அதனால் மட்டும்தான் வந்தாள் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

பெரியவள் இரண்டு மணி நேரத்தில் பம்ப்பை மாற்றிக் கொடுத்தாள். ஒரு சொல் பேசவில்லை, இருவருமே.

இனி இன்றைக்கு.

காலை எட்டே முக்கால். பெரியவள் ஷெட்டில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். ஸ்பானரை எடுத்தாள், வைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மேஜை ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கிடந்தது. சின்னவள் வண்டியின் பழைய பம்ப்.

கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுக்காமல் பெரியவள் வண்டியை அனுப்ப மாட்டாள். அது அவள் தொழில் சுத்தம். நேற்றும் பொட்டலம் கட்டி நீட்டினாள். சின்னவள் நீட்டிய கையைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.

"அதை ஏன் முறைச்சுப் பார்த்துட்டு இருக்கே? டீ ஆறுது" என்றபடி வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் அட்டைப்பெட்டி. "மரக்கடை வேனுக்கு நீ கேட்ட பம்ப் வந்துடுச்சு. உன் தங்கச்சி வண்டிக்குப் போட்ட அதே மாடல்தான்."

பெரியவள் பெட்டியைப் பிரித்துப் பம்ப்பை வெளியே எடுத்தாள். பழைய பம்ப் ஏன் சொட்டியது என்று பார்க்கலாமே என்று பொட்டலத்தையும் பிரித்தாள். உள்ளே துரு அப்பியிருந்தது.

"கூலண்ட் ஊத்தச் சொன்னா குழாய்த் தண்ணியை ஊத்தி ஓட்டியிருக்கா மகராசி. அப்புறம் ஏன் துருப் பிடிக்காது?"

"அதையும் அத்தை மூலமா சொல்லி அனுப்பு."

அவள் சிரிக்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் இறக்கைகளை விரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைகள் அவை. இரண்டிலும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. விரல் வழுக்கிக்கொண்டு போனது.

அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது.

நேற்று மாட்டும்போதும் இதே மாதிரி தடவினாள். அது பழக்கம், கை தானாகச் செய்வது. ஆனால் நேற்று விரல் வழுக்கவில்லை. இறக்கையின் ஓரம் விரலைத் தடுத்தது.

"என்னங்க, நேத்து கொடுத்தீங்களே ஒரு பெட்டி. அது கடையில எங்க இருந்தது?"

"அலமாரியிலதான். ஏன்?"

"யாராவது பிரிச்சாங்களா?"

வீட்டுக்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "நேத்து மத்தியானம் கடையில ஒரே கூட்டம். ஒருத்தர் பழைய மாடலுக்குப் பம்ப் கேட்டார். எது எதுன்னு காட்டறதுக்காக ரெண்டு பெட்டியையும் பிரிச்சுக் கவுண்டர்ல வெச்சேன். நடுவுல வேற ஆள் கூப்பிட்டாங்க. திரும்பி வந்து ரெண்டையும் உள்ள வெச்சு மூடினேன்."

"எதை எதுக்குள்ள வெச்சீங்க?"

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

சங்கதி இதுதான். அந்த இன்ஜினில் இரண்டு வகை உண்டு. பழைய மாடலில் பம்ப் ஒரு பக்கமாகச் சுற்றும். புது மாடலில் பெல்ட் போகிற வழி வேறு, அதனால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். சின்னவள் வேன் புது மாடல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பம்ப்பும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருக்கும். போல்ட் ஓட்டைகூட மாறாது. உள்ளே இறக்கை வளைந்த பக்கம் மட்டும்தான் வேறு. மாற்றி மாட்டினால் ஒரு சொட்டு ஒழுகாது, ஒரு சத்தம் வராது, நிற்கும்போது சூடும் ஏறாது. சமதரையில் சமர்த்தாக ஓடும். மலை ஏறும்போதுதான் குணத்தைக் காட்டும். இறக்கை சுற்றும், தண்ணீர் நகராது, இன்ஜின் வெந்து போகும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பெரியவள் எதையும் மாட்டியதில்லை. இருபது வருஷத்தில் நேற்று ஒரு நாள்தான் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். சின்னவள் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்தாலும் பெரியவளின் காது முழுக்கப் பின் சீட்டில்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டே மாட்டினாள்.

"இப்ப எங்க இருப்பா?"

"எட்டு மணிக்கே கிளம்பிட்டாளாம், அத்தை சொன்னாங்க. மலையடிவாரத்தைத் தாண்டியிருப்பா."

அந்த வேன்தான் சின்னவளின் சோறு, வாடகை, வீம்பு எல்லாம். இன்ஜின் போனால் அவள் மறுபடி எழுந்து நிற்க வருஷங்கள் ஆகும். உள்ளே ஒன்பது டீச்சர்கள் வேறு.

பெரியவள் போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எண்ணாமல் மறுபடி மறுபடி அழுத்தினாள். மறுபடியும். எடுக்க மாட்டாள் என்று தெரியும். ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். அன்றைக்கு அதற்குத்தானே அத்தனை பேச்சுப் பேசினோம் என்ற நினைப்பு ஒவ்வொரு மணிக்கும் வந்து குத்தியது.

"பெட்டியை மாத்தி வெச்சது நான். என் பேரைச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்காம மாட்டினது நான். நீங்க சும்மா இருங்க. முதல்ல அவ எடுக்கணுமே!"

"யாருக்குடி லைன் வேணும்?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. அம்மா. இடுப்புதான் சரியில்லை, காது பாம்புக் காது.

நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா ஷெட் வாசலுக்கு வருவதற்குள் பெரியவள் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மீதியை அம்மாவே புரிந்துகொண்டார். கத்தவில்லை, பதறவில்லை. அந்தக் காலத்தில் ஒரே நேரத்தில் நாற்பது லைனைப் பார்த்த மனுஷி.

"வண்டியில இருக்கற வேற யாருக்காவது பண்ணு."

"யார் நம்பரும் எனக்குத் தெரியாதே."

"ஸ்கூல் ஆபீசுக்குப் பண்ணி வாங்கு. எழுதிக்கோ" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு எண்ணைக் கடகடவென்று சொன்னார். "நான் வேலையை விட்டப்புறம் எல்லா நம்பருக்கும் முன்னாடி ரெண்டுங்கற எண்ணைச் சேர்த்தாங்க. அதையும் போட்டுக்கோ."

மணி அடித்தது. பள்ளிக்கூட ஆபீஸ்காரர் எடுத்தார். வேனில் பொறுப்பாக வருவது கணக்கு டீச்சர் என்று சொல்லி எண்ணையும் கொடுத்தார். வீட்டுக்காரர் மாமியாரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கணக்கு டீச்சர் இரண்டாவது மணியில் எடுத்தார்.

"மலை ஸ்கூலுக்குப் போற வேன்லதானே இருக்கீங்க? நான் உங்க டிரைவரோட அக்கா பேசறேன்."

"அப்படியா? அவங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

பெரியவள் ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தாள். "இருக்கேன். அவகிட்ட அவசரமா ஒரு விஷயம் சொல்லணும்."

டீச்சர் போனை நீட்டியிருக்க வேண்டும். சின்னவளின் குரல் தூரத்தில் கேட்டது. "வண்டி ஓட்டும்போது நான் பேச மாட்டேன்னு சொல்லுங்க."

"பேச மாட்டாங்களாம்" என்றார் டீச்சர்.

"கேட்டுச்சு. நீங்களே கேட்டுச் சொல்லுங்க டீச்சர். வண்டி எங்க போயிட்டு இருக்கு?"

"அஞ்சாவது வளைவு தாண்டிட்டோம்."

"சூட்டைக் காட்டற முள் எங்க நிக்குதுன்னு கேளுங்க."

"முள் எங்க நிக்குதுன்னு உங்க அக்கா கேக்கறாங்க."

"அது நிக்க வேண்டிய இடத்துலதான் நிக்குதுன்னு சொல்லுங்க."

கணக்கு டீச்சர் அதை நம்புகிற ரகமில்லை. எட்டிப் பார்த்திருக்கிறார். "பாதியைத் தாண்டிடுச்சுங்க. முக்கால்னு சொல்லலாம். சரியாச் சொல்லணும்னா முக்காலுக்குக் கொஞ்சம் மேல."

பெரியவள் அடுத்த சோதனைக்குப் போனாள். "ஹீட்டரைப் போடச் சொல்லுங்க. முழுசா வைக்கச் சொல்லுங்க. என்ன காத்து வருதுன்னு பாருங்க."

அங்கே ஏதோ திருகுகிற சத்தம். இன்ஜின் சூடாக இருந்தால், உள்ளே தண்ணீர் சுற்றினால், ஹீட்டரில் அனல் வீச வேண்டும்.

"சில்லுனு வருதுங்க" என்றார் டீச்சர். "நல்லா இருக்கு."

"நல்லா இல்ல டீச்சர்! தண்ணி நகரலேன்னு அர்த்தம். உடனே ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."

சேதி போனது. பதில் டீச்சர் சொல்வதற்கு முன்பே நேராகக் கேட்டது, அவ்வளவு சத்தம். "மலை ஏத்தாதே, அந்த வண்டி தாங்காதுன்னு ரெண்டு மாசமாச் சொல்லி விடறவ அவ. இன்னிக்கு எனக்கு முதல் நாள். இன்னிக்குப் பார்த்து நிறுத்துன்னா நான் நிறுத்திடணுமா? முடியாதுன்னு சொல்லுங்க!"

"முடியாதுன்னு..." என்று டீச்சர் தயங்கினார்.

"அடியே சின்னவளே!" என்று அம்மா நடைவண்டியோடு முன்னால் பாய்ந்தார். வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் போனை இரண்டு கையாலும் பற்றினாள். பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் வராது, கல்யாணத்துக்குப் பிறகும் வராது, வீட்டுக்காரர் சாட்சி. அது இப்போது வந்தது.

"டீச்சர், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. வண்டி மேல குத்தம் இல்ல. அவ மேலயும் இல்ல. நான் வேற பம்ப்பை மாட்டிட்டேன். தப்பு என்னோடது."

டீச்சர் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு இன்ஜின் முனகல் மட்டும்.

"அவங்க ஒண்ணு கேக்கறாங்க" என்றார் டீச்சர். "இதை நீங்களே உங்க வாயால சொன்னீங்களா, இல்ல பக்கத்துல உங்க வீட்டுக்காரர் சொல்லச் சொன்னாரான்னு."

"நான்தான் சொன்னேன். நானேதான்."

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. சக்கரம் சரளைக்கல்லில் நெறுநெறுத்தது. இன்ஜின் நின்றது.

பெரியவள் சுவரில் சாய்ந்தாள். "ரேடியேட்டர் மூடியைத் தொட வேணாம்னு சொல்லுங்க. ஆறட்டும். நான் வரேன்."

மரக்கடை வேனுக்கு வந்த பம்ப், அது ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கெட், இரண்டு கேன் கூலண்ட், ஸ்பானர் பை. எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு பெரியவள் கிளம்பும்போது மணி ஒன்பதே கால். வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார். அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். உண்மையில் தங்கையிடம் வாங்கப்போகிற பேச்சைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

ஆறாவது வளைவில் வேன் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. டீச்சர்கள் யாரும் இல்லை. மைல்கல்லின் மேல் சின்னவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் பைக்கை நிறுத்தினாள். இருவருக்கும் நடுவில் இப்போது அம்மா இல்லை, கணக்கு டீச்சரும் இல்லை. லைன் கொடுக்க ஆளில்லாமல் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

பெரியவள் பானெட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "டீச்சருங்க எங்க?"

சின்னவளும் பானெட்டுக்கே பதில் சொன்னாள். "மேல இருந்து ஸ்கூல் ஜீப் வந்துச்சு. கொஸ்டின் பேப்பர் கட்டோட எல்லாரையும் ஏத்திட்டு இப்பதான் போச்சு. ரெண்டு மணிக்குப் பரீட்சை."

அப்படித்தான் வேலை தொடங்கியது. பெரியவள் பெல்ட்டிடம் "பத்தாம் நம்பர்" என்பாள், சின்னவள் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு ஸ்பானரை நீட்டுவாள். "குழாய்த் தண்ணியை ஊத்தினது யாரு?" என்று ஹோஸைக் கேட்டாள் பெரியவள். "அவசரத்துக்கு ஊத்தினது. ஊத்தினவங்களுக்கு இப்ப புத்தி வந்துடுச்சு" என்று ஹோஸ் சார்பில் பதில் வந்தது. சின்னவள் டார்ச் பிடித்தாள், வடிகிற தண்ணீருக்கு வாளி வைத்தாள், கழற்றிய போல்ட்டுகளை எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்கினாள். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து சைக்கிளைப் பிரித்து மாட்டினவர்கள்தானே, கை மறக்கவில்லை.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது சின்னவள் மெல்லச் சொன்னாள்.

"பதினேழு."

"என்ன பதினேழு?"

"மிஸ்டு கால். போன தடவையை விட மூணு ஜாஸ்தி."

பெரியவளின் கை ஓய்ந்தது. இதுவரை பானெட்டிடம் பேசியவள், இப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு அம்மா ஈரத்துல கிடந்தா. எனக்குத் தூக்க முடியல. அவ கத்தறா, எனக்குக் கை கால் ஓடல. உன்னை விட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்? நீ எடுக்காம இருந்தது சரிதான். பிள்ளைங்க இருந்தாங்க, மழை பெஞ்சுது. எல்லாம் அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அப்படிப் பேசினேன்."

சின்னவள் சுரண்டியை அக்காவின் கையிலிருந்து வாங்கி, மிச்சம் இருந்த கேஸ்கெட்டை அவளே சுரண்டினாள். மூக்கை மட்டும் இரண்டு தடவை உறிஞ்சினாள்.

புதுப் பம்ப்பை மாட்டுவதற்கு முன் பெரியவள் துணியை விரித்தாள். பழைய பம்ப்பின் பொட்டலத்தை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். பழையது, இன்று கழற்றியது, மாட்டப்போவது என மூன்றையும் வரிசையாக வைத்தாள். நடுவில் இருந்த ஒன்றில் மட்டும் இறக்கைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன.

"தடவிப் பாரு" என்றாள்.

சின்னவள் தடவிப் பார்த்தாள். "இந்தக் கடன்காரன்தானா?"

மாட்டி முடித்து, கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வண்டியைக் கிளப்பினார்கள். பத்து நிமிஷம் உறுமவிட்டார்கள். முள் பாதியில் வந்து உட்கார்ந்தது. சின்னவள் ஹீட்டரை முழுசாகத் திறந்தாள். கொதிக்கிற வெயிலில் இருவர் முகத்திலும் அனல் காற்று அடித்தது. அந்த அனலைப் போல ஒரு சுகமான காற்றைப் பெரியவள் அனுபவித்ததே இல்லை.

மணி பதினொன்று நாற்பது.

சின்னவள் இறங்கி வந்து துணியில் கிடந்த தப்புப் பம்ப்பை எடுத்தாள். ஏழு மாதக் கோபத்தையும் அதன் மேல் ஏற்றி, பள்ளத்தில் வீச ஓங்கினாள்.

"எறியாதே!" பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது நல்ல பம்ப்டி. நேத்து வாங்கினது. உன் வண்டிக்குத்தான் ஆகாது, பழைய மாடலுக்கு அதுதான் பொருத்தம்."

பிடித்த கையை அவளும் விடவில்லை, இவளும் உதறவில்லை. அப்போது பெரியவளின் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வண்டி சரியாயிடுச்சுங்க" என்றாள் முதலில்.

"அது இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளு." அவருக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பம்ப்பும் பெட்டி மாறிப் போச்சுன்னா, ஒண்ணு நம்ம கிட்ட வந்துடுச்சு. இன்னொண்ணு எங்க போச்சு? அதை யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. காலையிலிருந்து ஒரே ஒரு வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானம் பழைய மாடலுக்குப் பம்ப் வாங்கிட்டுப் போனவர் யாருன்னு பில் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். மலை ஸ்கூல் ஜீப் டிரைவர். இப்பதான் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து அத்தைக்குப் போன் வந்துச்சு. டீச்சருங்களை ஏத்திட்டுப் பத்து மணிக்குக் கிளம்பின ஜீப் இன்னும் மேல போய்ச் சேரலையாம். டிரைவர், டீச்சருங்க, யாரோட போனும் கிடைக்கலையாம்."

பெரியவள் மெல்லத் திரும்பி மலைப்பாதையைப் பார்த்தாள். ஏழாவது வளைவுக்கு மேல் மரங்கள் மறைத்திருந்தன. ஒன்பது டீச்சர்களும் ஒரு கட்டுக் கேள்வித்தாளும் அங்கே எங்கோ நின்றுகொண்டிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு முன்னால் அது மேலே போய்ச் சேராவிட்டால் பரீட்சையும் இல்லை, சின்னவளுக்கு அந்த ஓட்டமும் இல்லை. யார் தப்பென்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

போனில் பேசியது முழுக்கச் சின்னவளுக்குக் கேட்டிருந்தது. ஓங்கிய கையை இறக்கினாள். பம்ப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். குழந்தையைக் கொடுப்பது போல அக்கா கையில் கொடுத்தாள். ஸ்பானர் பையைத் தூக்கி வேனுக்குள் போட்டாள். மிச்சக் கூலண்ட் கேனையும் போட்டாள். பெரியவளின் பைக்கை மரத்தடிக்குத் தள்ளிப் பூட்டினாள்.

பிறகு டிரைவர் சீட்டில் ஏறி, பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்தாள். ஏழு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏறு அக்கா."

பெரியவள் ஏறினாள். மடியில் பம்ப்பை வைத்துக்கொண்டாள். சின்னவள் சட்டென்று டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த தன் போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இந்தா. அடிச்சா இனிமே நீ எடுத்துப் பேசு."

வேன் முனகாமல் மேலே ஏறியது. எட்டாவது வளைவில் அந்தப் போன் அடித்தது. பெரியவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.